பத்தாவது ஆள்

தவக்காலம் நான்காம் வாரம், செவ்வாய் மாலைத் திருப்பலி
வாசகங்கள்: எசேக்கியேல் 47; யோவான் 5



செவ்வாய்க்கிழமை என்றால் நமக்கு அந்தோணியார் கிழமை. ஞாயிறு பூசைக்குக் கண்ணில் படாதவர்கள்கூட இன்றைக்கு வந்துவிடுவீர்கள். மெழுகுதிரி வாங்கி, பூ வாங்கி, மனதுக்குள் ஒரு விண்ணப்பத்தைச் சுமந்துகொண்டு வருவீர்கள். மூட்டு வலி, மகனுக்கு வேலை, மகளுக்குக் குழந்தை, ஆஸ்பத்திரி ரிப்போர்ட். அதனால் இன்றைய நற்செய்தியில் வரும் பெத்சதா குளத்தங்கரையை உங்களுக்கு நான் வருணிக்கத் தேவையில்லை. எருசலேமில் ஆட்டு வாயிலுக்குப் பக்கத்தில் ஒரு குளம், ஐந்து மண்டபங்கள், அவற்றில் படுத்துக்கிடக்கும் நோயாளிகள். இன்றைக்கும் அங்கே திருப்பயணம் போகிறவர்கள் புனித அன்னா ஆலயத்தை ஒட்டி அதன் இடிபாடுகளைப் பார்க்கலாம். இரண்டு தொட்டிகள், நடுவே ஒரு பெரிய சுவர். குனிந்து பார்த்தால் ஆழம் தெரியும்.

அந்தக் குளத்துக்கு ஒரு விதி இருந்தது. தண்ணீர் கலங்கும், கலங்கியதும் யார் முதலில் இறங்குகிறாரோ அவருக்குக் குணம். வானதூதர் வந்து கலக்குவார் என்று விளக்கும் வரி மிகப் பழைய கையெழுத்துப் படிகளில் இல்லை என்று விவிலிய அறிஞர்கள் சொல்வார்கள். இருக்கட்டும். ஆனால் விதி என்னவென்று அங்கே படுத்திருந்த ஒருவரே சொல்லிவிடுகிறார். தன்னை இறக்கிவிட ஆள் இல்லை, தான் போய்ச் சேர்வதற்குள் வேறொருவர் இறங்கிவிடுகிறார் என்று இயேசுவிடம் புலம்புகிறார். அவர் நோயாளியாகி 38 ஆண்டுகள் ஆகின்றன.

இது என்ன விதி என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். குணமாக வேண்டுமானால் ஓட வேண்டும். யாரால் ஓட முடியும்? நோய் குறைவாக இருப்பவரால். அல்லது தூக்கிப்போக நாலு பேர் வைத்திருப்பவரால். நோய் முற்றியவரும் நாதியற்றவரும் எப்போதும் கடைசி. அந்த மண்டபத்தில் பக்கத்துப் பாயில் படுத்திருப்பவர் அயலார் அல்ல, போட்டியாளர். அவர் கொஞ்சம் தேறி எழுந்து உட்கார்ந்தால் எனக்குப் பகீர் என்கிறது.

இதெல்லாம் ஏதோ இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய கதை என்று நினைத்துவிடாதீர்கள். 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில், நம் மாநிலத்தில் நடந்ததை மறந்துவிட்டோமா? ரெம்டெசிவிர் மருந்துக்காகச் சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் ஜனம் இரவெல்லாம் காத்துக் கிடந்தது. கூட்டம் தாங்காமல் விற்பனையை நேரு ஸ்டேடியத்துக்கு மாற்றினார்கள், அங்கேயும் அதே தள்ளுமுள்ளு. கடைசியில், நோயாளியின் வீட்டாருக்கு விற்பதை நிறுத்தி, மருத்துவமனைகளுக்கே நேரடியாகக் கொடுப்பது என்று அரசு முடிவெடுத்தது. அதே மாதம் 18 வயது முதல் 44 வயது வரை உள்ளவர்களுக்குத் தடுப்பூசி தொடங்கியது. முதலில் கோவின் இணையதளத்தில் பதிந்தால்தான் ஊசி. நம் பிள்ளைகள் போனைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணிமைக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்லாட் திறக்கும், பச்சை நிறம் தெரியும், ஓடிபி வருவதற்குள் எல்லாம் தீர்ந்துவிடும். தண்ணீர் கலங்கியது, யாரோ இறங்கிவிட்டார். வேகமான இணையமும் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த பிள்ளையும் இருந்த வீட்டுக்கு ஊசி கிடைத்தது. கிராமத்தில் படிப்பறிவில்லாதவர் இதில் எப்படிப் பதிவு செய்வார் என்று உச்ச நீதிமன்றமே மத்திய அரசைக் கேட்டது. பிறகு நேரில் போனாலே போடலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள்.

இந்தக் களேபரத்துக்குச் சில வாரங்கள் முன்னால், ஏப்ரலில், நானும் ஒரு தடுப்பூசி முகாமில் நோயாளியாகப் போய் உட்கார்ந்திருந்தேன். எனக்குச் சர்க்கரை இருப்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் அன்போடு கொண்டுவரும் கிறிஸ்துமஸ் கேக்கையெல்லாம் யார் சாப்பிடுகிறார் என்று நம் சமையல்காரரின் இடுப்பைப் பார்த்தால் விளங்கும். 45 வயதைத் தாண்டியவர்கள் எல்லோரும் போட்டுக்கொள்ளலாம் என்று ஏப்ரல் 1ஆம் தேதி முதல் அறிவித்திருந்தார்கள். ஆதார் அட்டையோடு போனால் போதும். அது ஓர் அரசுப் பள்ளிக்கூடம். அங்கி போடாமல் சட்டை வேட்டியில் போயிருந்தேன். அங்கே எனக்குத் தெரிந்தவர் யாருமில்லை. சாமி என்று யாரும் எழுந்து இடம் கொடுக்கவுமில்லை. வெகு நாளைக்குப் பிறகு வரிசையில் வெறும் ஆளாக நிற்பது நன்றாகவே இருந்தது.

முகாம் என்றதும் திருவிழாக் கூட்டத்தை எதிர்பார்த்துப் போனேன். நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. காரணம் உண்டு. ஏப்ரல் 15ஆம் தேதி நடிகர் விவேக், மக்கள் பயப்படாமல் முன்வர வேண்டும் என்பதற்காகவே, சென்னை ஓமந்தூரார் மருத்துவமனையில் எல்லோரும் பார்க்க ஊசி போட்டுக்கொண்டார். 17ஆம் தேதி அதிகாலை மாரடைப்பால் இறந்துபோனார். ஊசிக்கும் அவருடைய சாவுக்கும் தொடர்பில்லை என்று நிபுணர் குழு பிற்பாடு ஆராய்ந்து சொன்னது. ஆனால் அந்தச் செய்தி வந்தது அக்டோபரில். நான் போனது அவரைத் தகனம் செய்த சூடு ஆறாத நாள்களில். யார் வருவார்கள்?

முதல் மேசையில் ஒரு பையன் ஆதாரைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டு, கிழித்த காகிதத் துண்டில் டோக்கன் எண் போட்டுக் கொடுத்தான். அடுத்த மேசையில் பிரஷர் பார்த்தார்கள். "சுகர் இருக்கா? மாத்திரை போட்டீங்களா? ஏதாவது அலர்ஜி உண்டா?" எல்லாம் முடிந்து உள்ளே போனால் ஊசி போடும் அறை, நீல நிறக் குளிர்பெட்டி, இரண்டு செவிலியர். ஆனால் ஊசி போடவில்லை. எல்லோரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

ஒன்றாம் எண் டோக்கன் வைத்திருந்தவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். அவர் பொறுமை இழந்தார். "ஏம்மா, கேட்டைத் திறக்குறதுக்கு முன்னாடியே வந்து நிக்கிறேன். டோக்கன் ஒண்ணு. எனக்குப் போட்டு அனுப்ப வேண்டியதுதானே?"

செவிலியர்களில் ஒருவர் குளிர்பெட்டியிலிருந்து ஒரு குப்பியை எடுத்துக் காட்டினார். கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். "இதுல பத்துப் பேருக்கு மருந்து இருக்குண்ணே. திறந்துட்டா நாலு மணி நேரம்தான் தாங்கும். அப்புறம் கீழதான் கொட்டணும். இப்ப எட்டுப் பேர்தான் இருக்கீங்க. இன்னும் ரெண்டு பேர் வரட்டும்."

கண்டக்டர் முணுமுணுத்தார். அரசாங்கத்தைத் திட்டினார். கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே போனார். கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார் என்றே நினைத்தேன். சற்று நேரத்தில், எதிர்ச்சாரி டீக்கடைக்காரரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு வந்தார். ஒன்பது. மறுபடி போனார். பள்ளிக்கூட வாசலில் பூ விற்கும் அம்மாவிடம் அவர் பேசுவது ஜன்னல் வழியாகக் கேட்டது. "நான் வரலை சாமி, விவேக்கே செத்துப்போயிட்டாரு" என்றார் அந்த அம்மா. அதற்கு அவர், "நான்தான் மொத ஆளு. எனக்குப் போடுறதைப் பக்கத்துல நின்னு பாரு. எனக்கு ஒண்ணும் ஆகலைன்னா நீ போட்டுக்க. ஆச்சுன்னா மாலை கட்டிப் போடு" என்றார். அந்த அம்மா சிரித்துவிட்டார். கூடையோடு உள்ளே வந்தார்.

பத்து.

குப்பி திறந்தது. கண்டக்டர் சட்டைக் கையைச் சுருட்டினார். பூக்கார அம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். அரை மில்லி. எறும்பு கடித்த மாதிரிகூட இல்லை. "அவ்ளோதானா?" என்றார் கண்டக்டர், ஏமாந்தவர் போல. பிறகு வரிசையாக எல்லோருக்கும் போட்டார்கள். எனக்கும் போட்டார்கள். இரண்டு பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுத்து, பக்கத்து வகுப்பறையில் அரை மணி நேரம் உட்காரச் சொன்னார்கள். அந்த அம்மா என் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து மும்முரமாகப் பூக் கட்டத் தொடங்கினார். கை வலிக்கலையா என்று கேட்டேன். "இன்னைக்கு வலிக்காதாம், நாளைக்குத்தான் வலிக்குமாம். அதான் நாளைக்கு உள்ளதையும் சேர்த்துக் கட்டுறேன்" என்றார்.

அன்பானவர்களே, பெத்சதாவையும் அந்த வகுப்பறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குளத்தில், முதலில் இறங்கியவருக்குக் கிடைத்தது, மற்றவர்கள் ஏமாந்தார்கள். இங்கே முதல் டோக்கன்காரருக்குப் பத்தாவது ஆள் வரும்வரை கிடைக்காது. அங்கே பின்னால் வருகிறவர் எனக்கு எதிரி. இங்கே பின்னால் வருகிறவர் வராவிட்டால் எனக்கே வழியில்லை. கண்டக்டர் நல்லவராக மாறிவிட்டதால் தெருவில் இறங்கி ஆள் சேர்த்தார் என்று நான் சொல்லவில்லை. சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும் என்ற அவசரம்தான் அவரை அனுப்பியது. ஆனால் அந்தச் சின்னக் குப்பியின் விதி, அவருடைய அவசரத்தையே பூக்கார அம்மாவுக்கு நன்மையாக்கிவிட்டது. ஒரு விதியை எப்படி அமைக்கிறோம் என்பதில் மனிதருடைய குணமே மாறிப்போகிறது. பங்குப் பேரவையில் இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும். சமபந்தி விருந்துக்கு டோக்கன் கொடுக்கும்போது என்ன நடக்கிறது என்று நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இப்போது இயேசு என்ன செய்தார் என்று பாருங்கள். அந்த மனிதர் கேட்டது ஓர் ஆள். தூக்கி இறக்கிவிட ஓர் ஆள். இயேசுவுக்கோ உடம்பில் வலு இருந்தது, தச்சு வேலை செய்து உரமேறிய கை. தண்ணீர் கலங்கும்வரை காத்திருந்து, அவரைத் தூக்கிக்கொண்டு போய் முதல் ஆளாக இறக்கியிருக்கலாம். நாமாக இருந்தால் அதைத்தான் செய்வோம், அதைத்தான் சிபாரிசு என்கிறோம். இயேசு அதைச் செய்யவில்லை. செய்திருந்தால் இவர் ஜெயித்திருப்பார், அதே கணத்தில் இன்னொரு முடவர் தோற்றிருப்பார். இயேசு அவரைக் குளத்துக்கே கொண்டுபோகவில்லை. அந்தப் பந்தயத்தில் அவரை ஓடவிடவும் இல்லை, தாம் அவருக்காக ஓடவும் இல்லை. எழுந்து, படுக்கையை எடுத்துக்கொண்டு நடக்கச் சொல்கிறார். கலங்காத தண்ணீர் அப்படியே கிடக்கிறது.

முதல் வாசகத்தில் எசேக்கியேல் கண்ட தண்ணீர் வேறு ஜாதி. கோவிலின் வாசல்படிக்குக் கீழேயிருந்து ஊறி வெளியே ஓடுகிறது. கணுக்கால் அளவு, முழங்கால் அளவு, இடுப்பளவு, பிறகு நீந்தித்தான் கடக்க வேண்டும். போகப் போகப் பெருகுகிறது, குறையவில்லை. கரையோர மரங்களின் இலைகள் மருந்தாகும் என்றும் இறைவாக்கினர் சொல்கிறார். குளம் தேங்கி நின்று ஆள்களைத் தன்னிடம் ஓடிவரச் சொல்கிறது. ஆறோ தானே புறப்பட்டு ஆள் இருக்கும் இடத்துக்குப் போகிறது. கடைசியில் அது போய்ச் சேரும் இடம் உப்புக் கடல், மீனே பிழைக்காத தண்ணீர்.

அந்த ஆற்றை 2021இல் கொஞ்சம் பார்த்தோம். இங்கிலாந்தில் சால்ஸ்பரி பேராலயத்தை ஜனவரி மாதம் தடுப்பூசி மையமாகத் திறந்துவிட்டார்கள். வயதானவர்கள் ஊசி போட்டுக்கொண்டு அமர்ந்திருக்க, ஆர்கன் இசைக் கலைஞர்கள் மணிக்கணக்கில் வாசித்தார்கள். வத்திக்கானில் ஆறாம் பவுல் அரங்கில் வீடற்றவர்களைக் கூட்டிவந்து போட்டார்கள். அந்த ஆண்டு புனித வெள்ளியன்று காலை திருத்தந்தை பிரான்சிஸ் அங்கே வந்து, ஊசிக்காகக் காத்திருந்த ஏழைகளோடு பேசிவிட்டுப் போனார். தடுப்பூசி போட்டுக்கொள்வது அன்புச் செயல் என்று அவர் சொன்னதும் அதே ஆண்டுதான். நம் மாநிலத்தில் செப்டம்பர் 12ஆம் தேதி ஒரே நாளில் 40,000 முகாம்கள் நடந்தன. 28 லட்சம் பேருக்கு மேல் போட்டுக்கொண்டார்கள். பள்ளிக்கூடம், பஞ்சாயத்து அலுவலகம், சத்துணவுக் கூடம் என்று ஜனம் இருக்கும் இடத்துக்கு மருந்து வந்தது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை முகாம்களுக்கு ஒரு சிக்கல். கறிச்சோறு தின்ற உடம்போடும், குடித்த உடம்போடும் ஊசி போடக்கூடாது என்று நம் ஆட்கள் நம்பினார்கள். கறியா ஊசியா என்றால் கறிதான் ஜெயித்தது. சுகாதாரத் துறை அமைச்சர் முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றினார். பூசைக்கு மட்டும் இப்படி ஒரு சலுகை கேட்டுவிடாதீர்கள்.

இன்னொன்றையும் நான் மறைக்கக்கூடாது. 2024இல் உங்களில் பலர் கலங்கிப்போய் என்னிடம் வந்தீர்கள். கோவிஷீல்டு தடுப்பூசியை உருவாக்கியதில் பங்குள்ள நிறுவனமே, மிக அரிதாக அதனால் இரத்தம் உறையலாம் என்று நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டதாகச் செய்தி வந்திருந்தது. "சாமி, நாம போட்டுக்கிட்டோமே" என்றீர்கள். அந்த ஆபத்து உண்மைதான், மருத்துவர்களுக்கு அது 2021லேயே தெரியும். ஊசி போட்ட சில வாரங்களுக்குள் வரக்கூடியது அது, ஆண்டுகள் கழித்து வருவதில்லை. அப்படி அரிதாகப் பாதிக்கப்பட்டவர்கள் உலகில் உண்டு, இறந்தவர்களும் உண்டு. நம் எல்லோருக்குமான பாதுகாப்பின் விலையை அவர்கள் கொடுத்தார்கள். அவர்களையும் பலிபீடத்தில் நினைக்க வேண்டும், பேசாமல் விட்டுவிட்டால் அது நன்றிகெட்டதனம்.

தடுப்பூசி நமக்குப் புதிதல்ல. வயதான தாய்மார்களின் கையில் அம்மை குத்தின தழும்பு இருக்கும். பேரப்பிள்ளைகள் அதைத் தொட்டுப் பார்த்து என்னவென்று கேட்டிருப்பார்கள். அவர்கள் கையில் அது இல்லை, ஏனென்றால் பெரியம்மையே இல்லை. 1980இல் உலகத்தை விட்டே ஒழிந்ததாக அறிவித்தார்கள். இயற்கையாகப் பரவும் போலியோ நம் நாட்டில் கடைசியாக ஒரு குழந்தைக்கு வந்தது 2011 ஜனவரியில், வங்காளத்தின் ஹவுராவில். சொட்டு மருந்து கொடுத்து, சுண்டுவிரலில் மை வைத்து, வீடு வீடாக, ரயில் ரயிலாகத் தேடிப்போய் விட்டுப்போன குழந்தையைப் பிடித்தார்கள். செங்கல் சூளையில் வேலை செய்யும் அப்பா அம்மாவோடு ஊர் ஊராக அலையும் குழந்தையை, பதிவேட்டில் பெயரே இல்லாத குழந்தையைத் தேடினார்கள். அந்தக் கடைசிக் குழந்தைக்குக் கிடைக்காதவரை வசதியான வீட்டுக் குழந்தைக்கும் ஆபத்து தீராது. பத்தாவது ஆளின் கணக்கு அங்கேயும் அதேதான்.

அந்த முகாமில் பார்த்த குப்பியைப் பற்றி இன்னும் ஒன்று. குறையாமல் இருப்பதற்காக ஒவ்வொரு குப்பியிலும் கொஞ்சம் கூடுதலாகவே மருந்து நிரப்புவார்கள். அவசரப்பட்டு எடுத்தால் அந்தக் கூடுதல் வீணாகிவிடும். நிதானமாக, ஒரு துளி சிந்தாமல் எடுக்கத் தெரிந்த செவிலியர் பதினோராவது ஆளுக்கும் எடுத்துவிடுவார். கேரளத்துச் செவிலியர் இதில் கெட்டிக்காரர்கள். 2021 மே மாதத் தொடக்கத்தில் அந்த மாநிலம் ஒரு கணக்குக் கொடுத்தது. வாங்கியது 73,38,806 டோஸ், போட்டது 74,26,164 டோஸ். வாங்கியதைவிடப் போட்டது அதிகம்! யோவான் நற்செய்தியில் இன்று நாம் வாசித்தது ஐந்தாம் அதிகாரம். அடுத்த அதிகாரத்தில் அப்பம் பலுகிய நிகழ்ச்சி வருகிறது. ஐயாயிரம் பேர் வயிறார உண்ட பிறகு, மிஞ்சிய துண்டுகளைக்கூட வீணாக்காமல் சேர்க்கச் சொல்கிறார் ஆண்டவர். இவ்வளவு பெரிய புதுமை செய்தவருக்குத் துண்டு அப்பத்தின் மேல் என்ன கவலை என்று குருமடத்தில் படிக்கிற காலத்தில் எங்களுக்குள் பேசிக்கொள்வோம். ஒரு சொட்டை வீணாக்காமல் சிரிஞ்சில் ஏற்றிய அந்தப் பெண்களைக் கேட்டால் பதில் சொல்வார்கள். அந்தத் துண்டு யாரோ ஒருவருடைய முறை.

பெத்சதாவில் குணமான அந்த மனிதர் படுக்கையைத் தூக்கிக்கொண்டு போகிறார். அன்று ஓய்வுநாள், யார் இதைச் செய்யச் சொன்னது என்று யூதத் தலைவர்கள் மறிக்கிறார்கள். அவருக்குத் தெரியவில்லை. 38 ஆண்டு நோயை நீக்கியவர் யார் என்று தெரியாது, இயேசு கூட்டத்தில் நழுவிப் போய்விட்டார். இதை வைத்து அவரை நன்றியில்லாதவர் என்று பிரசங்கிப்பவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்லத் துணிய மாட்டேன். உங்களுக்கு ஊசி போட்டவர் பெயர் என்ன? முகத்தில் மாஸ்க், மேலே கண்ணாடித் தடுப்பு, தலையில் தொப்பி. ரோட்டில் எதிரே வந்தால் நமக்கு அடையாளம் தெரியாது. அவர்களில் பலர் கிராம சுகாதாரச் செவிலியர்கள். தங்கள் வீட்டில் கைக்குழந்தையை விட்டுவிட்டு வந்தவர்கள், நோய் தொற்றி இறந்தவர்களும் அவர்களில் உண்டு.

ஆனால் அந்த மனிதருக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு இருக்கிறது. தடுப்பூசிச் சான்றிதழ் உங்கள் பெட்டியிலோ போனிலோ இருக்கும். பிரதமர் படம் போட்டதும் உண்டு, போடாததும் உண்டு, அதை விடுங்கள். கீழே, எந்த மையத்தில் போட்டது என்ற வரிக்குப் பக்கத்தில், போட்டவர் பெயர் என்று ஒரு வரி சின்ன எழுத்தில் இருக்கும். இங்கிலீஷ் படிக்கத் தெரியாதவர்கள் பேரப்பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். பேரப்பிள்ளை இல்லாதவர்களுக்கு நம் இளைஞர் இயக்கப் பிள்ளைகள் பூசை முடிந்ததும் கெபி பக்கத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள், கோவின் தளத்திலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள். ஆதார் அட்டையும், பதிவு செய்தபோது கொடுத்த போன் நம்பரும் கொண்டுவர வேண்டும். நம்பர் மாறிப்போனவர்களும் வாருங்கள், என்ன செய்யலாம் என்று பார்ப்போம். ஆள் இல்லை என்று யாரும் வீட்டிலேயே இருந்துவிட வேண்டாம். கிடைத்த பெயரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கோவில்பிள்ளையிடம் கொடுங்கள். அவர்கள் எந்த மதமாக இருந்தாலும் பரவாயில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை பூசைக் கருத்துகளில் எல்லாப் பெயரையும் வாசிக்கிறேன். நேரம் ஆகும், அன்றைக்குப் பிரசங்கத்தைச் சுருக்கிக்கொள்கிறேன். இந்தக் கருத்துகளுக்குக் காணிக்கை வாங்க வேண்டாம் என்று அலுவலகத்தில் சொல்லியிருக்கிறேன்.